சந்த எண்ணிக்கையும் தாளப் பகுப்பும்

ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடையே பாலாற்றை அடுத்து அமைந்த ஊர் மாதனூர். அங்கிருந்து ஆற்றின் போக்கிலே கிழக்கு நோக்கிச் செல்வார் பள்ளிகொண்டாவைக் கடந்து விரிஞ்சிபுரத்தை அடைவர்; வேலூருக்கு வடக்கே வள்ளிமலையைக் காண்பர். இவ்விரு தலங்களும் 15ஆம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்றவை. வள்ளிமலையில் வாழ்ந்த சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950) அப்பாடல்களை நாடெங்கும் பரப்பியவர். இத்தகைய சந்தப் பாடல்களை ஆராயப் புகுவார் முதற்கண் தெளிய வேண்டுவது ஒன்றுண்டு. எண்ணிக்கையால் ஒத்தவை எல்லாம் ஒரே தாளம் ஆகா என்பதே அது.

முதலில் ஆறு என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 'தன தன தன' என்பதிலும் 'தனன தனன' என்பதிலும் ஆறு குறில்களே உள்ளன, மாத்திரையும் ஆறே. ஆயினும் முன்னது இரண்டிரண்டாய் மும்முறை அடியெடுத்து வைக்கிறது. பின்னது மும்மூன்றாய் இருமுறை அடியெடுத்து வைக்கிறது. யாப்பு நோக்கினும் முன்னது நிரை மூன்று அடுத்த கருவிளங்கனியாகிய ஒரு சீர். பின்னது புளிமாச்சீர் இரண்டு. மேனாட்டிசையார் 3/4 எனவும் 6/8 எனவும் குறிக்கும் வேறுபாடும் இதுவே. இரண்டிலும் எட்டிலொரு பங்குச் சுரங்கள் ஆறு அடங்கும். முன்னதில் தட்டு மூன்று, பின்னதில் தட்டு இரண்டு. கணக்கால் ஒன்றாகிய பின்னங்களை அவர்கள் இருவேறு குறியாகக் கொண்டமைக்குக் காரணம் பகுப்பே என்க.

ஏழு என்னும் எண்ணிலும் இம்மயக்கம் உண்டு. திச்ர சாதித் திரிபுடைத் தாளம் இலகு ஒன்றும் துருதம் இரண்டும் உடையது. 3+2+2 ஆக அட்சரம் ஏழு. மிச்ர சாப்புக்கும் எண் ஏழே. ஆனால் முன்னதில் ஒவ்வோர் அட்சரமும் சதுச்ர நடையில் நான்கு மாத்திரை கொள்வதால் ஓர் ஆவர்த்தம் 28 மாத்திரையாய் விரியும். பின்னதிலோ 'தகிட தகதிமி' என்னும் ஏழெழுத்தே ஓர் ஆவர்த்தத்தை நிறைத்துவிடும். ஆகவே 'தனன தனதன' என வரும் சந்தம் சாப்புநடைக்கே இயல்பாய்ப் பொருந்தும். அதனை முன்பின்னாக மாற்றி 'தனதன தனன' என்றால் எண் மாறாது, நடை மாறிவிடும்.

இனி, இலக்கண மாத்திரையைக் கொண்டே தாளத்தை அளந்துவிடலாம் என்று கருதுவதும் பொருந்தாது. 'தான' என்பது மூன்று மாத்திரை. 'தந்த' என்பது, மெய்க்கு அரை மாத்திரை என்னும் விதிப்படி, இரண்டரையே. சந்தத்திலோ ஒற்றடுத்த குறில் நெடிலின் அளவைப் பெறுதலின் இரண்டும் மூன்றாகவே நிற்கும். 'தனன' என்பதும் மூன்றே. முதலிரண்டும் தேமா, மூன்றாவது புளிமா என யாப்பு வேறுபடினும் தாளத்துக்கு மூன்றும் நிகரே. எனவே தாளத்தைத் துணிதற்கு எண்ணும் சீரும் தனித்தனியே போதா. இரண்டையும் சந்த அளவோடு சேர்த்து நோக்குதல் வேண்டும்.

இவ்வாராய்ச்சியின் பயன் பதிப்புத் துறையிலே விளங்கும். பொருள் எளிதில் விளங்கவேண்டிப் பதம் பிரித்து அச்சிடுவது இன்று பெருவழக்கு. 'பல சிறு நதி' என்னும் தொடரைக் காட்டாகக் கொள்வோம். பொருள்நோக்கில் அஃது இரண்டிரண்டாய்ப் பிரியும். தனன தனன என்னும் சந்தத்தில் அமைந்ததாயின் 'பலசி றுநதி' என்றே பிரிதல் வேண்டும். பதம் பிரித்த அச்சை மட்டும் கண்டு பாடுவோர் அதனை மும்முறை தட்டிப் பாடுவர். ஆசிரியர் வகுத்ததோ இருமுறைத் தட்டு. பிழை எழுத்தில் இல்லை, இடைவெளியில் உள்ளது.

அருணகிரியார் தம் பாடல்களைப் பாடிய இசைமெட்டு இன்று நமக்குக் கிடைத்திலது. அவர் உள்ளத்திருந்த தாளத்துக்கு எஞ்சியுள்ள சான்று பாடலின் எழுத்தடுக்கே. பதிப்புகளில் பாடலின் தலைப்பிலே காணும் 'தத்தன தனன' போன்ற சந்தக் குழிப்பு அதன் சுருக்கமாகும். ஆதலின் குழிப்பை நீக்கிப் பதம் பிரித்த பாடத்தை மட்டும் வெளியிடுதல், இருக்கும் ஒரே சான்றை மறைத்தலாகும். சந்தம் பிரித்த பாடம் ஒன்றும், பதம் பிரித்த பாடம் ஒன்றும் எதிரெதிரே அமைய, மேலே குழிப்பும் நிற்கப் பதிப்பித்தலே முறை என்பது நம் துணிபு. அங்ஙனம் செய்யின் பொருளறிவார்க்கும் பாடுவார்க்கும் ஒருங்கே பயன்படும்.