இமை கறுத்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

குழந்தையின் கண் இமை வீங்கினால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. கண்கட்டியோ பூச்சிக்கடியோ இருக்கும். சில நாளில் வடிந்துவிடும். ஆனால் அரிதாக ஒரு தொற்று வருகிறது. அதற்கு ஒரு ராத்திரியே போதும், இமை முழுவதையும் தின்றுவிட.

உடம்பிலேயே மிக மெல்லியது இமைத் தோல்தான். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் கிடையாது. நகக்கீறல், பூச்சிக்கடி, சின்னம்மைக் கொப்புளம் என்று ஏதாவதொரு வழியில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி புகுந்து, தோலுக்கு அடியில் பரவுகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. சிவந்த இமை ஊதாவாகி, நீர்க்கொப்புளம் கண்டு, கடைசியில் கறுத்துப்போகிறது. தொடக்கத்தில் பார்வைக்குச் சின்ன வீக்கம்தான், குழந்தையோ தொடவிடாமல் அலறும். காய்ச்சல் அனலாய்க் கொதிக்கும்.

செத்த தோலுக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அறுவை சிகிச்சை தேவைப்படுவது இதனால்தான். பெனிசிலினும், கிருமி நஞ்சு சுரப்பதைத் தடுக்கும் கிளிண்டாமைசினும் நரம்பு வழியே ஏறிக்கொண்டிருக்க, குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, அழுகிய தோலை நல்ல ரத்தம் கசியும் இடம்வரை வெட்டி எடுக்கிறார்கள். இமைமயிர் உள்ள ஓரத்துக்கு நல்ல ரத்த ஓட்டம் உண்டு. பல நேரம் அது பிழைத்துக்கொள்ளும் என்பதால் இயன்றவரை விட்டுவைப்பார்கள். தொற்று அடங்கியபின், தேவைப்பட்டால் காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். இல்லாவிட்டால் தழும்பு சுருங்கி இமையை இழுத்துவிடும். கண் மூடாமல் கருவிழி புண்ணாகும். பார்வை வளர்கிற வயதில் ஒரு கண் நெடுநாள் மறைந்திருந்தால் மூளை அதைப் பயன்படுத்தாமலே பழகிவிடும். அதனால் காயம் ஆறியதோடு மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிடக் கூடாது.

இந்தச் சிகிச்சைக்கு, உதாரணமாக, காவலூர் போன்ற மலை ஊரிலிருந்து இறங்கி, ஆலங்காயம் தாண்டி, வேலூர் வரை போனால் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) ஷெல் கண் மருத்துவமனையும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. வழி நீளம். ஆகவே பச்சிலை அரைத்துப் பூசியும், தாய்ப்பால் விட்டும் பார்க்க நேரமில்லை.

இமை ஊதாவானாலோ, கறுத்தாலோ, கண் பிதுங்கினாலோ, குழந்தையால் கண்ணை அசைக்க முடியாவிட்டாலோ, பொழுது எதுவானாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.