மாணவர் கட்டுரையும் சான்றின் சங்கிலியும்

சிலப்பதிகாரத்தில் ஒரு காதையின் பெயரே 'கட்டுரை காதை' என்பதாகும். மதுரைக் காண்டத்தின் அப்பகுதியில் மதுராபதித் தெய்வம் கண்ணகிமுன் தோன்றி, கோவலன் கொலையுண்டதன் காரணத்தை விளக்கிக் கூறுகிறது. நடந்தது ஏன் நடந்தது என்று எடுத்துரைக்கும் உரைக்கு அங்கே கட்டுரை என்ற பெயர் பொருந்தி நிற்கிறது. அரபு மொழியில் கட்டுரையைக் குறிக்கும் 'மகாலா' என்ற சொல், 'சொன்னான்' எனப் பொருள்படும் 'கால' என்ற வினையடியாகப் பிறந்தது. இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து நோக்கினால், கட்டுரை எழுதுவோன் விடை கூற வேண்டிய இரு வினாக்கள் கிடைக்கின்றன. ஒரு செய்தியைச் சொன்னவர் யார்? அது அவ்வாறு நிகழ்ந்ததற்குக் காரணம் யாது?

நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அரபுக் கல்லூரிகளிலும் மீலாது விழாப் போட்டிகளிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் எண்ணற்ற கட்டுரைகளை எழுதுகின்றனர். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம், முஸ்லிம்களின் வரலாறு, சமூகத்தின் இன்றைய நிலை ஆகிய மூன்றுமே அவற்றின் பெரும்பாலான தலைப்புகள். ஆர்வத்திற்கோ மொழிநடைக்கோ அவற்றில் குறைவில்லை. ஆனால், மேற்கூறிய இரு வினாக்களுக்கும் விடை தருவன மிகச் சில. ஒரு கட்டுரையில் கண்டதை மற்றொன்று எடுத்தாள்கிறது. அதனை வேறொன்று பெருக்கிச் சொல்கிறது. மூலத்தைக் கண்டவர் எவரும் இலர். இக்குறை ஒரு சமூகத்தின் நினைவையே பாதிக்கக் கூடியது. அது எவ்வாறு என்பதையும், அதனை நீக்கும் முறை நம் மரபிலேயே இருப்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேற்கோளால் பிழைத்த நூல்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் தொன்மையைப் பேசுவோர் அனைவரும் 'பல்சந்தமாலை'யைக் குறிப்பிடுவர். அந்நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. அதன் ஆசிரியர் பெயரும் தெரியவில்லை. 'களவியற் காரிகை' என்னும் அகப்பொருள் இலக்கண நூலுக்கு எழுந்த பழைய உரையில் எடுத்துக்காட்டாக ஆளப்பெற்ற எட்டுப் பாடல்களே எஞ்சியுள்ளன. களவியற் காரிகையையும் அதன் உரையையும் பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை பதிப்பித்ததன் பின்னரே அப்பாடல்கள் அறிஞர் கவனத்திற்கு வந்தன.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த உரையாசிரியர் பாடல்களை எடுத்தாண்டதோடு, அவை எந்நூலைச் சார்ந்தவை என்பதையும் குறித்து வைத்தார். அவர் பெயர் சுட்டாது விட்டிருந்தால், எட்டுப் பாடல்கள் இருந்திருக்கும். பல்சந்தமாலை என்றொரு நூல் இருந்தது என்ற செய்தி மறைந்திருக்கும். ஏடு அழிந்தது, மேற்கோள் நிலைத்தது. ஓர் இலக்கிய வரலாற்றின் தொடக்கப் பக்கம் இன்று நம் கையில் இருப்பதற்கு, எடுத்ததை எடுத்த இடத்தோடு குறித்த ஒருவரின் நேர்மையே காரணம். மேற்கோளுக்கு மூலம் சுட்டுவதைத் தேர்வுக்கான சடங்காகக் கருதும் மாணவருக்கு இதனினும் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

இஸ்னாத் கற்பிக்கும் முறை

செய்தியின் மூலத்தை ஆராயும் முறை நமக்குப் புதியதன்று. வந்த செய்தியைத் தெளிவாக விசாரித்து அறியுமாறு திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் ஆறாம் வசனத்தில் பணிக்கிறது; அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்று காரணமும் கூறுகிறது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் இவ்வடிப்படையை ஒரு துறையாகவே வளர்த்தனர். ஒவ்வொரு ஹதீஸுக்கும் இரு பகுதிகள் உண்டு. அறிவித்தவர்களின் தொடர் 'இஸ்னாத்'. அறிவிக்கப்பட்ட செய்தி 'மத்ன்'. தொடரில் உள்ள ஒவ்வொருவரும் வாழ்ந்த காலம், ஒருவரையொருவர் சந்தித்திருக்கக் கூடிய வாய்ப்பு, நினைவாற்றல், வாய்மை ஆகிய அனைத்தும் ஆராயப்பெற்றன. இமாம் முஸ்லிம் அவர்கள் தம் ஸஹீஹ் தொகுப்பின் முன்னுரையில் இப்பொருளை விரிவாகவே பேசுகின்றார்கள்.

பின்னர் துனீசில் பிறந்த இப்னு கல்தூன் (1332–1406) வரலாற்றுக்கு மற்றோர் உரைகல்லைத் தந்தார். 1377 இல் எழுதி முடித்த 'முகத்திமா'வில், வரலாற்றாசிரியர்கள் தவறுவதற்கான காரணங்களை அவர் வகுத்துரைக்கிறார். தம் தரப்பின்மீது கொண்ட பற்று, அறிவித்தவரை ஆராயாது நம்புதல், செல்வாக்குடையோரைப் புகழும் விருப்பம், சமூக வாழ்வின் இயல்பை அறியாமை ஆகியன அவற்றுள் சில. மூஸா நபி அவர்கள் காலத்தில் இஸ்ரவேலரின் படையினர் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்டோர் என மஸ்ஊதி முதலியோர் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பெரிய படை அந்நிலத்தில் அணிவகுக்கவோ போரிடவோ இயலுமா என்று வினவுகிறார். சொன்னவர் யார் என்பதோடு, சொன்னது நடந்திருக்கக் கூடியதா என்பதையும் ஆராய வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. இவ்விரு வழிகளையும் மாணவர் கட்டுரையின் மூன்று களங்களில் பொருத்திப் பார்ப்போம்.

இலக்கியம்: 'முதல்' என்னும் சொல்

இலக்கியக் கட்டுரைகளில் பெரிதும் விரும்பப்படும் சொல் 'முதல்'. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மதீனத்துந் நுஹாஸ்' 1858 இல் அரபுத் தமிழில் தோன்றியது என்றும், ஆதலால் தமிழின் முதல் நாவல் அதுவே என்றும் கூறுவோர் உளர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்த ஆண்டு 1879. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885 இல் வெளிவந்தது.

1858 முந்தியது, 1879 பிந்தியது என்று எழுதி முடித்துவிடும் கட்டுரை வெற்றி முழக்கமாகலாம், ஆய்வாகாது. 1858 என்ற ஆண்டுக்குச் சான்று யாது, பதிப்பா, கையெழுத்துப் படியா, பிற்காலக் குறிப்பா? அந்நூல் பாரசீக மூலத்தைத் தழுவியது என்ற கருத்தும் நிலவுவதால், தழுவலை முதல் நாவலாகக் கொள்ளலாமா? செம்பு நகரத்தின் கதை 'ஆயிரத்தோர் இரவுகள்' தொகுப்பிலும் இடம்பெற்றுள்ள ஒன்று; அக்கதை மரபுக்கும் நாவல் என்னும் புது வடிவத்துக்கும் இடையிலான எல்லை எது? இவ்வினாக்களை எழுப்பும் மாணவர், முடிவு எதுவாயினும், அரபுத் தமிழ் உரைநடையின் வளத்தை வாசகருக்கு உணர்த்திவிடுவார். பிறர் நூலினும் முந்தியது என்பதால்தான் அதற்கு மதிப்பு என்ற நிலையிலிருந்து அந்நூல் விடுதலை பெறும். அசன்பே சரித்திரத்தின் சிறப்பும் அதன் வரிசை எண்ணைச் சார்ந்ததன்று.

வரலாறு: நமக்குக் கசக்கும் சான்று

வரலாற்றுக் களத்தில் சோதனை இன்னும் கடுமையானது. பதினான்காம் நூற்றாண்டில் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் நிலவிய மதுரை சுல்தானியத்தைப் பற்றி மாணவர் எழுதுவதாகக் கொள்வோம். சமஸ்கிருதத்தில் கங்காதேவி இயற்றிய 'மதுரா விஜயம்' அந்த ஆட்சியை வீழ்த்திய விசயநகர இளவரசன் கம்பணனின் புகழ் பாடும் காவியம். அதனை இயற்றியவர் அவனுடைய மனைவி. அது வென்றவர் தரப்பின் குரல் என்று ஒதுக்கிவிடுவது எளிது.

ஆனால் இப்னு பதூதாவை அவ்வாறு ஒதுக்க இயலாது. அவர் முஸ்லிம், சட்டம் கற்ற காழி, 1340களில் அங்கு வந்து தங்கியவர். அப்போது ஆண்ட கியாஸுத்தீன் தாமகானியும் அவரும் முன்னாள் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் புதல்வியரை மணந்தவர்கள். இத்தகைய உறவுடையவரே, சுல்தான் சிறைப்பட்டோரையும் அவர்தம் பெண்டிர் பிள்ளைகளையும் கொன்ற கொடுமையைத் தம் பயண நூலில் விவரித்து, வேறெந்த மன்னரும் செய்யக் காணாத இழிசெயல் அது எனக் கண்டிக்கிறார். சுல்தானின் விரைந்த மரணத்துக்கு அதுவே காரணம் என்றும் கருதுகிறார்.

இப்பகுதியை மறைத்து எழுதினால் அக்கட்டுரை இப்னு கல்தூன் சுட்டிய முதல் தவற்றிலேயே வீழ்கிறது. இதனை மட்டும் எடுத்துக்கொண்டு தமிழ் முஸ்லிம்கள் அனைவரின் வரலாறும் இதுவே என எழுதுவோரும் அதே தவற்றையே செய்கின்றனர். கடல்வழி வணிகத்தால் வேரூன்றிய கடற்கரைச் சமூகத்தின் வரலாறு வேறு. தில்லியின் படையெடுப்பின் விளைவாக எழுந்த ஓர் அரசின் வரலாறு வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும் மாணவர், கசப்பான சான்றை ஒளிக்க வேண்டிய தேவையே இல்லை என்பதையும் உணர்வார். மேலும், இப்னு பதூதா தம் பயணங்களைப் பல்லாண்டுகளுக்குப் பின் மொராக்கோவில் நினைவிலிருந்து சொல்ல, இப்னு ஜுஸை என்பவரே அவற்றை எழுத்தில் வடித்தார். எனவே அச்சான்றையும் பிற சான்றுகளோடும் அக்காலத்து நாணயங்களோடும் ஒப்பிட்டே கொள்ள வேண்டும். நம் விருப்பத்துக்கு மாறான சான்றுக்கும் விருப்பமான சான்றுக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவதே நீதி.

சமூகம்: எந்த ஊரின் எண்?

சமூகக் கட்டுரைகளில் நீதியரசர் ராஜேந்தர் சச்சார் குழுவின் அறிக்கை தவறாது இடம்பெறும். 2005 இல் அமைக்கப்பெற்ற அக்குழு 2006 நவம்பரில் அறிக்கை அளித்தது. இந்திய முஸ்லிம்களின் கல்வி, பொருளாதார நிலையைப் புள்ளிவிவரங்களோடு நாட்டின் முன் வைத்த ஆவணம் அது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் எழுத்தறிவு 64.8 விழுக்காடு, முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு. நம் மாணவர்கள் பலர் இவ்வெண்களை எடுத்தெழுதி, தமிழ் முஸ்லிம்களும் எழுத்தறிவில் பின்தங்கியோர் என்று முடித்துவிடுகின்றனர்.

அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 73.5 விழுக்காடாக இருக்க, இம்மாநில முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடாக இருந்தது. இங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர் நகரங்களில் வாழ்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். எனினும் இதனைக் கண்டு நிறைவடைந்துவிடவும் இயலாது. முஸ்லிம் பெண்கள் வேலைக்குச் செல்லும் அளவு மாநிலச் சராசரியைவிட மிகவும் குறைவு. படித்த பெண்ணின் கல்வி எங்கே நின்றுவிடுகிறது, ஏன் நிற்கிறது என்பதே இங்கு எழுப்ப வேண்டிய வினா. அனைத்திந்திய எண்ணை அப்படியே நம் ஊருக்கு உரியதாக்கும் கட்டுரை, இல்லாத நோய்க்கு மருந்து தேடுகிறது. இருக்கும் நோயைக் காணாது விடுகிறது. நலத் திட்டங்களும் கல்வி உதவிகளும் இத்தகைய எழுத்தின் அடிப்படையில் கோரப்படுவதால், இப்பிழைக்கு விலை கொடுப்போர் அப்பெண்களே ஆவர்.

ஊரே நூலகம்

சான்று தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டும் என்று மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பழைய பள்ளிவாசல்களின் கல்வெட்டுகளும், அடக்கத்தலங்களின் மீஸான் கற்களும், நிகாஹ் பதிவேடுகளும், வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் அரபுத் தமிழ் ஏடுகளும் சான்றுகளே. மீஸான் கல்லில் உள்ள ஹிஜ்ரி ஆண்டைப் படித்துக் குறித்துக்கொள்வது ஒரு பிற்பகலின் வேலை. அரபுத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த மூதாட்டியர் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றனர். அவர்கள் வாய்வழி அறிந்த தாலாட்டும் மாலையும் யாரிடம் கற்றவை என்று கேட்டு எழுதினால், அதுவும் ஓர் இஸ்னாதாகும். ஆனால் கற்கள் புதுப்பித்தலில் அகற்றப்படுகின்றன, ஏடுகளைச் செல்லரிக்கிறது, மூதாட்டியர் ஒவ்வொருவராக மறைகின்றனர். காலம் மாணவருக்காகக் காத்திருப்பதில்லை.

இணையத்தில் ஒரு நொடியில் கிடைக்கும் பக்கமும், செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தரும் பத்தியும் சரளமான மத்னைத் தருகின்றன. இஸ்னாதைத் தேடுவது நம் பொறுப்பாகவே எஞ்சுகிறது. ஆதலால் போட்டிகளை நடத்துவோரும் தம் அளவுகோலை மாற்றிக்கொள்ளுதல் நலம். அடுக்குமொழிக்கு அளிக்கும் மதிப்பெண்ணில் பாதியையேனும், மாணவர் தாமே கண்டு குறித்த ஒரு சான்றுக்கு அளிக்கலாம்.

மாணவர் எழுத்தால் என்ன விளைந்துவிடும் என்ற ஐயத்திற்கு விடை நம் கண்முன்னேயே உள்ளது. இலங்கையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் அவர்கள் முதுகலைப் பட்டத்துக்காக மேற்கொண்ட ஆய்வு, தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினைப் பற்றியது. 1953 இல் அது ஆங்கில நூலாக வெளிவந்தது. சிதறிக் கிடந்த நூல்களைத் தேடி, பெயரும் ஆசிரியரும் காலமும் குறித்து, அவர் வகைப்படுத்திய அந்தப் பணியின்மீதே பிற்கால ஆய்வுகள் எழுந்தன. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, பீ. மு. அஜ்மல்கான் அவர்களோடு இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக உருவாக்கினார். ஒரு மாணவரின் ஆய்வேடாகத் தொடங்கியது ஒரு துறையாக வளர்ந்தது. பெயரறியாத அந்த உரையாசிரியர் எட்டுப் பாடல்களுக்கு அருகில் நூற்பெயரை எழுதி வைத்தார். உவைஸ் அவர்கள் நூற்றுக்கணக்கான நூல்களுக்கு அதே பணியைச் செய்தார். சங்கிலியின் அடுத்த கண்ணி இன்று எழுதுகோல் ஏந்தியிருக்கும் மாணவர் கையில் இருக்கிறது.