உங்க தோலுக்கு என்ன வயசு?

வயசானாலும் டிஎன்ஏ எழுத்துகள் பெரும்பாலும் மாறாது. அதுமேல ஒட்டியிருக்கிற மெத்தில் குறிகள்தான் மாறும். 2013ல ஸ்டீவ் ஹோர்வாத் இப்படி 353 இடங்களை வச்சு வயசைக் கணிக்கிற மாடலை உருவாக்கினார். பெரிய மாயமில்ல, ரிக்ரெஷன்தான். ஆனா தோல் செல்களில் அது தடுமாறிச்சு. அதனால 2018ல தோலுக்கும் ரத்தத்துக்கும்னு 391 இடங்களோட இன்னொரு மாடல் வந்தது.

இதைக் காட்டி யாராவது க்ரீம் வித்தா கவனமா இருங்க. 2013 மாடலைச் சோதிச்சப்போ, பாதி மாதிரிகளில் கணிப்பு 3.6 வருஷத்துக்கும் மேல தவறியிருந்தது. ஒருத்தரோட ஒரே டெஸ்ட்டைக் காட்டி "தோல் வயசு 2 வருஷம் குறைஞ்சிருக்கு"ன்னு சொன்னா, குறைச்சது க்ரீமா, மாடலோட பிழையா? காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: எத்தனை பேர்ல சோதிச்சீங்க? க்ரீம் போடாதவங்களோட ஒப்பிட்டீங்களா? பிழை எவ்வளவு?