மூன்று மில்லிமீட்டரில் மாம்பலம்

மாதிரி ரயில் அமைத்தல் என்பது உண்மையான இருப்புப் பாதையையும் வண்டிகளையும் நிலையங்களையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்து, அவற்றை மின்சாரத்தால் ஓட்டி, கால அட்டவணைப்படி இயக்கிப் பார்க்கும் கலையாகும். குழந்தைகளின் பொம்மை ரயிலிலிருந்து அதை வேறுபடுத்துவது விகிதத்தின் மீதுள்ள இந்தப் பிடிவாதமே. பிரிட்டனில் இக்கலை வெகு காலத்துக்கு முன்பே வேரூன்றிவிட்டது: லண்டனில் 1910இல் தொடங்கப்பட்ட மாடல் ரயில்வே கிளப் இத்துறையின் மிகப் பழைய சங்கமாகக் கருதப்படுகிறது, லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் சாவி கொடுத்து ஓட்டும் ரயில்களையும், அவருடைய நிறுவனம் 1938இல் மேசைமேல் ஓடும் சிறிய ‘ஹார்ன்பி டப்ளோ’ ரயில்களையும் சந்தைக்குக் கொண்டுவந்தனர்.

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ வாழும் ஒருவர் இந்தப் பிரிட்டிஷ் மரபைக் கைக்கொள்ள விரும்பினால், அவர் அயல்நாட்டுப் பழக்கம் ஒன்றை வலிந்து இறக்குமதி செய்வதாகக் கொள்ள வேண்டியதில்லை. சென்னையின் இருப்புப் பாதைகள், 1856இல் இராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்ட நாள்தொட்டு, பிரிட்டிஷ் நிறுவனங்களின் விதிகளின்படி வளர்ந்தவை. வண்டிகள் இடப்பக்கமாகச் செல்வதும், உயரமான நடைமேடைகளும், கைகாட்டி மரங்களும், அவற்றை நெம்புகோல்களால் இயக்கிய சிக்னல் கேபின்களும், ஒரு பிரிவில் ஒரே சமயத்தில் ஒரு வண்டிக்கு மேல் விடக்கூடாது என்னும் ‘பிளாக்’ முறையும் இரு நாட்டுக்கும் பொதுவானவை. ஆகவே இயக்க முறையைப் பொறுத்தவரை அமெரிக்க, ஜெர்மானிய மாதிரிகளைவிடப் பிரிட்டிஷ் மரபே சென்னைக்கு நெருக்கமானது.

சிக்கல் தொடங்குவது தண்டவாளத்தின் அகலத்தில். பிரிட்டனில் மிகப் பரவலான அளவு ‘டபுள் ஓ’ எனப்படுவது. அதில் உண்மையின் ஓர் அடி 4 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது, அதாவது விகிதம் 1:76. பிரிட்டனின் பாதை அகலமான 4 அடி 8½ அங்குலம் இக்கணக்கின்படி 18.83 மில்லிமீட்டர் ஆக வேண்டும். ஆனால் விற்கப்படும் தண்டவாளத்தின் அகலமோ 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் 1:87 விகிதத்துக்காக வகுக்கப்பட்ட தண்டவாளம் அது. பிரிட்டிஷ் இன்ஜின்கள் உருவில் சிறியவையாதலால், அக்காலத்து மின்மோட்டார்கள் 1:87 விகிதக் கூட்டுக்குள் அடங்கவில்லை. கூட்டை மட்டும் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மோட்டார்கள் சிறுத்த பின்னும் பழக்கம் மாறவில்லை. இதைப் பொறுக்காதவர்கள் 18.2, 18.83 மில்லிமீட்டர் அகலங்களில் தாமே தண்டவாளம் அமைத்துக்கொள்கின்றனர்.

இந்திய அகலப்பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர். அதை 4 மில்லிமீட்டர் கணக்கில் செய்தால் 22 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். அப்படிப்பட்ட தண்டவாளம் கடைச்சரக்கு அன்று. கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தின் மேல் 4 மில்லிமீட்டர் கணக்கில் செய்த இந்தியப் பெட்டியை நிறுத்தினால், அகன்ற உடல் குறுகிய கால்களின்மேல் தள்ளாடுவதுபோலத் தோன்றும். அது இந்திய ரயிலே அன்று என்பதை ரயிலில் போய்வரும் எவரும் கண்டுகொள்வர்.

இதற்கான விடையும் பிரிட்டிஷ் மரபுக்குள்ளேயே கிடைக்கிறது. அங்கு 1957இல் டிரையாங் நிறுவனம் ஓர் அடிக்கு 3 மில்லிமீட்டர் என்னும் ‘டி.டி.’ அளவில் ரயில்களை விற்கத் தொடங்கியது. வணிகத்தில் அது நிலைக்கவில்லை. ஆயினும் ஆர்வலர் சிலர் அந்த அளவைக் கைவிடாமல் காத்து வருகின்றனர். அந்தக் கணக்கை இந்தியாவுக்குப் பொருத்திப் பார்த்தால், ஐந்தரை அடியை மூன்றால் பெருக்க வரும் விடை 16.5 மில்லிமீட்டர், ஒரு மயிரிழையும் பிசகில்லை. பிரிட்டிஷ் பாதைக்குப் பொருந்தாமல் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சகித்துக்கொள்ளப்பட்டு வந்த தண்டவாளம், 1:101.6 என்னும் இவ்விகிதத்தில் இந்திய அகலப்பாதைக்கு அளவெடுத்துச் செய்ததாகவே அமைந்துவிடுகிறது. இந்திய மாதிரி ரயில் ஆர்வலர் ஒவ்வொருவரும் முதலில் அறிந்திருக்க வேண்டிய கணக்கு இதுவே.

இதனால் விளையும் நன்மைகள் பல. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் 1955 முதல் கட்டப்பட்டுவந்த, சுமார் 21.3 மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி, ‘டபுள் ஓ’ அளவில் 28 சென்டிமீட்டர் இடம் பிடிக்கும். 3 மில்லிமீட்டர் கணக்கிலோ 21 சென்டிமீட்டரில் அடங்கும். பெட்டிச் சக்கரத்தின் 915 மில்லிமீட்டர் விட்டம் ஏறத்தாழ மிகச் சரியாக 9 மில்லிமீட்டராகிறது. இன்னொன்றும் உண்டு. கட்டடக்கலை மாணவர்கள் மாதிரி செய்யப் பயன்படுத்தும் வழக்கமான விகிதங்களுள் ஒன்று 1:100, அதற்கும் 1:101.6க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் உணர முடியாது. எனவே அம்மாணவர்களுக்காக விற்கப்படும் சிறு மனித உருவங்களும் மரங்களும் சன் போர்டும் பால்சா மரமும் அப்படியே பயன்படும். மின்கம்பிக்கும் சுவிட்சுக்கும் ரிச்சி தெரு இருக்கிறது. ஆனால் பெட்டிகளின் உடலை ஆர்வலர் தாமே பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டவோ முப்பரிமாண அச்சில் வார்க்கவோ வேண்டும். தண்டவாளம், மோட்டார் போன்றவற்றை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது செலவு மிக்கது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 60 சதவீதமாகவும் 2023இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது, அளவு சுருக்கிய மாதிரிகளும் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில்தான் வருகின்றன.

இடம் இல்லை என்பது அடுக்ககவாசிகளின் நியாயமான கவலை. பிரிட்டிஷ் வீடுகளும் சிறியவையே என்பதால் அம்மரபு இதற்கு வழி கண்டிருக்கிறது. சுவரோரப் பலகை ஒன்றில் நிலையத்தை மட்டும் காட்டி, ஒரு பாலத்தின் அடியில் நுழையும் வண்டி பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத தடங்களில் போய் நிற்குமாறு செய்வார்கள். அம்மறைவுத் தடங்களுக்கு ‘ஃபிடில் யார்டு’ என்று பெயர். இன்னும் சிறியது ஆலன் ரைட் வகுத்த ‘இங்கிள்நுக்’: சுமார் 4 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள பலகையில் மூன்று தடங்கள், எட்டு சரக்குப் பெட்டிகளில் சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்தைக் குறித்த வரிசையில் கோக்க வேண்டும். இப்படி 6,720 வரிசைகள் உண்டாகும். ஒரு புத்தக அலமாரித் தட்டிலேயே ஆயுள் முழுவதற்குமான ஷண்டிங் வேலை அமைந்துவிடுகிறது.

மின்சாரம் தொல்லை தருவதில்லை; இரு நாட்டிலும் 230 வோல்ட்தான், மாதிரி ரயிலுக்குச் செல்வது அதிலிருந்து இறக்கிய 12 வோல்ட் நேர்மின்சாரம். பருவநிலைதான் உண்மையான எதிரி. கடற்காற்றில் எஃகுத் தண்டவாளம் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் என்னும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையால் ஆனது துருப்பிடிக்காது என்றாலும், அதையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். மூன்று மீட்டர்த் தண்டவாளம் 20 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும் என்பதால் இணைப்புகளில் இடைவெளி விட்டே பொருத்த வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் சாதாரண பிளைவுட் வளைந்துவிடும், ஆகையால் மரைன் பிளைவுட்டே தகும்.

எதை மாதிரியாகச் செய்வது என்ற கேள்விக்குத் தென்சென்னை இரண்டு விடைகளைத் தருகிறது. ஒன்று, 1997இல் திருமயிலைக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் எட்டிய பறக்கும் ரயில். பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்கள்மேல் செல்லும் ஒடுங்கிய பாதையாதலால் குறுகிய பலகைக்கு அது வெகு பொருத்தம். மற்றொன்று, அதைவிட அவசரமானது, மாம்பலம் வழியே சென்ற மீட்டர்கேஜ் மின்ரயில். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தென்னிந்திய ரயில்வே 1931இல் தொடங்கிய அச்சேவை 2004இல் முடிந்தது. கடைசிச் சில ஆண்டுகளில் அகலப்பாதையும் மீட்டர்கேஜும் அருகருகே கிடந்தன. 3 மில்லிமீட்டர் கணக்கில் மீட்டர்கேஜின் அகலம் 9.84 மில்லிமீட்டர், கடையில் கிடைக்கும் ‘என்’ வகைத் தண்டவாளம் 9 மில்லிமீட்டர். இங்கு நேரும் பிழை 9 சதவீதத்துக்கும் குறைவு, ‘டபுள் ஓ’வில் பிரிட்டிஷார் பழகிப்போன பிழையோ 12 சதவீதத்துக்கும் மேல். ஆகவே அந்த இரட்டைப் பாதைக் காலத்து மாம்பலத்தை, ஆயத்தமாகக் கிடைக்கும் இருவகைத் தண்டவாளங்களைக் கொண்டே ஒரே பலகையில் மீட்டெடுக்க முடியும்.

நவராத்திரிக் கொலுப்படிகளின் அருகே மணல் பரப்பி, கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டுப் ‘பார்க்’ அமைத்து, அதில் பொம்மை ரயிலும் ஓட்டும் வழக்கம் மயிலாப்பூர் வீடுகளுக்குப் புதிதன்று. அந்தக் கைகளுக்கு இனி வேண்டியது அளவுகோலும் வரைபடமும் நினைவுச் சான்றுகளும். மீட்டர்கேஜ் வண்டியில் நாள்தோறும் போய்வந்த தலைமுறை இன்னும் தியாகராய நகரிலும் சைதாப்பேட்டையிலும் வாழ்கிறது. பெட்டிகளின் நிறம், நடைமேடைக் கடைகளின் வரிசை, படிக்கட்டுப் பாலத்தின் வடிவம் ஆகியவற்றை அவர்களிடம் கேட்டும் வீட்டு ஆல்பங்களில் தேடியும் குறித்துவைக்கும் பணி, தண்டவாளம் வாங்குவதற்கு முன்பே தொடங்கப்பட வேண்டியதாகும்.