கல்லுக்குள் பச்சையம் இருக்கிறது, தெரியுமா?

நெருப்பில் காட்டினால் பற்றிக்கொண்டு எரியும் கல் ஒன்று உண்டு, தெரியுமா? எஸ்தோனியாவின் வடகிழக்கில் வெட்டியெடுக்கப்படும் குக்கர்சைட் பாறைதான் அது. வயது 45 கோடி ஆண்டுகளுக்கும் மேல்! ஆனால் அதைப் பிழிந்தால் ஒரு சொட்டு எண்ணெய்கூட வராது. உள்ளே இருப்பது பழங்காலக் கடல் நுண்ணுயிர்கள் இறுகி உருவான கெரோஜன் என்னும் திடப்பொருள். காற்றுப் படாமல் சுமார் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால்தான் அது உடைந்து ஆவியாகி, குளிர்ந்து ஷேல் எண்ணெயாகும்.

அதில் துளியூண்டை எடுத்து கேஸ் குரோமட்டோகிராபி கருவியில் செலுத்துங்கள். மயிரிழை போன்ற நீண்ட குழாயில் சேர்மங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, திரையில் முகடு முகடாக எழும். எழுவது எப்படி? ஜோடி ஜோடியாக! ஒவ்வொரு கார்பன் எண்ணிக்கைக்கும் ஓர் ஆல்க்கீன், அதை ஒட்டியே ஓர் ஆல்க்கேன். கிணற்றிலிருந்து வரும் கச்சா எண்ணெயில் ஆல்க்கீன் அநேகமாக இருக்காது. சூட்டில் கெரோஜனின் நீண்ட சங்கிலிகள் அறுந்ததற்கு இந்த ஜோடிகளே சாட்சி.

இதைவிட என்னை மலைக்க வைப்பது ஆல்ஃபிரட் டிரைப்ஸின் கண்டுபிடிப்பு. கேஸ் குரோமட்டோகிராபி பிறந்தது 1952-இல். அதற்கு வெகு முன்பே, 1930-களில், இந்த ஜெர்மன் வேதியியலாளர் சுவிட்சர்லாந்தின் செர்பியானோ ஷேல் பாறையில் போர்ஃபிரின் என்னும் வளைய மூலக்கூறுகளைக் கண்டார். அவை இலைக்கு நிறம் தரும் அதே பச்சையத்திலிருந்து வந்தவை! நடுவிலிருந்த மக்னீசியம் போய், அந்த இடத்தில் வனேடியம் வந்திருந்தது. வளையம் மட்டும் 20 கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் குலையவில்லை. பெட்ரோலியம் உயிர்களிலிருந்து வந்தது என்பதற்கு அசைக்க முடியாத சான்று கிடைத்தது இப்படித்தான்.

ஷேல் எண்ணெயை எரிபொருளாக்கும்போது ஆட்டிப்படைப்பது நைட்ரஜன். அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில் பரவிய கிரீன் ரிவர் ஷேலின் எண்ணெயில் எடையில் சுமார் 2 சதவீதம் நைட்ரஜன்! பிரிடின், குவினோலின், பைரோல், இண்டோல் என அது பல உருவங்களில் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணெயிலிருந்து எடுத்த டீசலைச் சும்மா சேமித்து வைத்தாலே பிசின் கட்டிவிடும். சுத்திகரிப்பு ஆலையின் வினையூக்கியையும் செயலிழக்கச் செய்யும். உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி அம்மோனியாவாக்கித்தான் அதை விரட்ட வேண்டும். ஸ்காட்லாந்தின் பழைய ஷேல் ஆலைகளோ, அதே நைட்ரஜனை அம்மோனியம் சல்பேட் உரமாக்கி விற்றன!

நைட்ரஜன் போனாலும் வேலை முடியவில்லை. அமெரிக்கக் கடற்படை விமானங்களின் ஜேபி-5 எரிபொருள் மைனஸ் 46 டிகிரி செல்சியஸ் வரை உறையக் கூடாது. ஷேல் எண்ணெயில் ஏராளமாக உள்ள நேர்ச்சங்கிலி ஆல்க்கேன்களோ குளிரில் முதலில் படிகமாகிவிடும். எந்த நீளச் சங்கிலி எவ்வளவு என்று அளந்து பார்க்காமல் அந்த எரிபொருளை விமானத்தில் ஊற்றவே முடியாது.

கந்தகம் மிகுந்த ஷேல் எண்ணெய் எங்கே போனது தெரியுமா? மருந்துக்கடைக்கு! ஆஸ்திரியாவின் ஸீஃபெல்ட் பகுதியில் மீன் புதைபடிவங்கள் நிறைந்த ஷேலிலிருந்து எடுத்த எண்ணெயைப் பதப்படுத்தி, 1880-களில் தோல் நோய்க்குக் கொடுத்தார்கள். அதுதான் இக்தமால். நம் ஊர்க் காது-மூக்கு-தொண்டை மருத்துவர்கள் வீங்கிய காதுத் துளையில் திரியாக வைக்கும் இக்தமால் கிளிசரினில் இருப்பதும் அதே மருந்துதான்.