வேலைக்குப் போனவர் வீடு திரும்பாவிட்டால்...

நம் தங்கவயலில் சுரங்கம் நடந்த காலத்தில் ஆள் கணக்கு என்று ஒன்று இருந்தது. குழிக்குள் இறங்குகிறவர் பெயர் பதிவேட்டில் ஏறும். எந்த நேரத்தில் யார் யார் நிலத்தடியில் இருக்கிறார்கள் என்பது அந்தப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிய வேண்டும் என்று 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமே சொல்கிறது. ஷிப்டு முடிந்தும் ஒருவர் மேலே வரவில்லை என்றால் அவரைத் தேடி ஆட்கள் இறங்குவார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வேலை செய்தவருக்கும் அந்தக் கணக்கு ஒரு காவல்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன் பிறகு நம்மவர் பிழைப்பு இரயிலேறிவிட்டது. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போய், இரவில் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். இவர்களுக்குப் பதிவேடு கிடையாது. இரவு வண்டியில் ஒருவர் இறங்கவில்லை என்றால், வாசலில் காத்திருக்கும் வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. பழைய பதிவேட்டின் வேலையை இன்று ஓரளவுக்குச் செய்வது அவருடைய சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிதான்.

அது எப்படி என்று பார்ப்போம். கைப்பேசியில் ஒருவர் பேசும்போது அருகிலுள்ள ஏதோ ஒரு கோபுரம் அந்தப் பேச்சைத் தாங்குகிறது. எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் வழியாக என்பது நிறுவனத்தின் கணக்கில் பதிவாகிறது. என்ன பேசினார் என்பது அதில் இருக்காது. இந்தப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை விதித்தது. சிம் அட்டையை மாற்றினாலும் கருவிக்கென்று 15 இலக்க எண் ஒன்று உண்டு. அதே கருவியில் வேறு சிம் போட்டால் இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் கோபுரம் வீட்டு எண்ணைச் சொல்லாது. பெங்களூர் போன்ற நகரில் அது சில நூறு மீட்டர் வட்டத்தைக் காட்டலாம். வெட்டவெளியில் பல கிலோமீட்டர் ஆகலாம். கருவியை அணைத்துவிட்டால் கடைசியாகத் தொட்ட கோபுரம்தான் மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது காட்டுவது கருவி இருந்த இடத்தை. ஆள் இருந்த இடத்தை அல்ல. திருட்டுப்போன கைப்பேசி திருடனோடு ஊர் சுற்றும்.

தமிழகம் அறிந்த ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று. சுற்றுச்சூழல் போராளி முகிலன், 2019 பிப்ரவரி 15 அன்று சென்னையில் தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு பற்றிய காணொளியை வெளியிட்டுவிட்டு, அன்றிரவு எழும்பூரில் மதுரைக்கு இரயில் ஏறினார். பிறகு காணவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது, சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. 141 நாட்கள் கழித்து, ஜூலை 6ஆம் நாள், திருப்பதி இரயில் நிலையத்தில் அவரைக் கண்டு அடையாளம் சொன்னவர் அவரை முன்பே அறிந்த ஒருவர். கருவிகள் எத்தனை இருந்தாலும் முகம் தெரிந்த மனிதரின் கண்ணுக்கு ஈடில்லை.

ஆகவே கோபுரம் திசையைக் காட்டும். மீதி வழியை மனிதர்தான் நடக்க வேண்டும். அங்கேதான் காலம் முக்கியமாகிறது. கடைசியாகத் தொட்ட கோபுரம் கிருஷ்ணராஜபுரம் பக்கம் என்று தெரிந்தால், அங்குள்ள நிலையத்திலும் கடைகளிலும் கேமராப் பதிவைப் பார்க்கலாம். கோபுரக் கணக்கு 2 ஆண்டு இருக்கும். கேமராப் பதிவோ பல இடங்களில் சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடும். "24 மணி நேரம் பொறுத்துப் புகார் கொடுங்கள்" என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. காணாமல் போனது குழந்தை என்றால் உடனே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013 மே மாதம் ஆணையிட்டது. நம் வீடுகளிலோ, "நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும்" என்றே இரண்டு நாட்கள் கழிந்துவிடுகின்றன.

புகார் கொடுக்கப் போகும்போது சில விவரங்கள் கையில் இருக்கட்டும். எண் எது, சிம் யார் பெயரில் வாங்கியது என்று சொல்லுங்கள். மாமன் பெயரிலும் மைத்துனன் பெயரிலும் சிம் வாங்குவது நம்மிடையே வழக்கம்தானே! கருவியின் 15 இலக்க எண் அது வந்த பெட்டியிலும் ரசீதிலும் இருக்கும். பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். புகார் கன்னடத்தில் எழுதப்பட்டால், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள். கடன், சண்டை, நோய் எதையும் மறைக்காதீர்கள். கோபுரம் அறியாத செய்தி அதுதான்.

கோபுரப் பதிவைக் குடும்பத்தார் நேரே கேட்டு வாங்க முடியாது. காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி வழியாகவே கேட்க வேண்டும். பணம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 2 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணமும் இருக்கிறது. திருமண வயது நிறைந்த மகளோ மகனோ தம் விருப்பப்படி மணம் செய்துகொண்டு போயிருந்தால், அவர்களைத் துரத்திப் பிடிக்கும் கருவியாக இது மாறிவிடக் கூடாது அல்லவா?

சுரங்கத்தில் பெயர் எழுத நிறுவனம் ஆள் வைத்திருந்தது. இன்று அந்த வேலை நம் வீட்டாருடையது. வேலையிடத்தின் முகவரி, கூட வண்டியில் வரும் இரு நண்பர்களின் எண், கருவியின் எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, குடும்ப அட்டையோடு இன்றே வைத்துவிடுங்கள். தேவைப்படாமலே அந்தத் தாள் பழசாகிப் போகட்டும்!