இல்லாத கோளாறு

நாட்டின் பாதியை இருளாக்கிய தவறைத் தேடிய பொறியாளர்களுக்குக் கிடைத்தது விநோதமான விடை

2012 ஜூலை 30, அதிகாலை 2.33 மணி. மத்தியப் பிரதேசத்தின் பீனாவிலிருந்து குவாலியர் செல்லும் 400 கிலோவோல்ட் மின்பாதையை ஒரு ரிலே துண்டித்தது. சில நொடிகளில் வட மாநிலங்கள் இருளில் மூழ்கின. பிற்பகலுக்குள் விளக்குகள் எரிந்துவிட்டன. நிம்மதி ஒருநாள்கூட நீடிக்கவில்லை. மறுநாள் பகல் 1 மணிக்கு மீண்டும் அதே பாதை துண்டிக்கப்பட்டது. இம்முறை கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்துகொண்டன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி அது. ரயில்கள் நடுவழியில் நின்றன. நிலக்கரிச் சுரங்கங்களில் லிப்ட் ஓடாமல் சிக்கிய தொழிலாளர்கள் பின்னர் மீட்கப்பட்டனர்.

கம்பி அறுந்ததா? மரம் உரசியதா? இரண்டும் இல்லை. மத்திய மின்சார ஆணையத் தலைவரின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு ஆகஸ்டில் தந்த அறிக்கையின்படி, பாதையில் கோளாறே இல்லை. இருப்பதாக ரிலே நினைத்துக்கொண்டது.

துணை மின் நிலையத்தில் இருக்கும் 'டிஸ்டன்ஸ் ரிலே'யின் கணக்கு எளிமையானது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்கிறது. விடை குறைந்தால் எங்கோ ஷார்ட் சர்க்யூட் என்று முடிவு கட்டி, பிரேக்கரைத் திறக்கச் சொல்கிறது. ஆனால் பளு மிதமிஞ்சி, மின்னழுத்தமும் சரிந்தால் அதே விடைதான் வரும். அன்று வட மாநிலங்கள் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருந்தன. இணையாகச் செல்லும் இன்னொரு பாதையோ தரம் உயர்த்தும் பணிக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. தூரத்துக் கோளாறுகளைக் கவனிக்கும் மூன்றாவது மண்டலம் பளுவைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டது.

இதைக் கண்டுபிடிப்பது துப்பறியும் வேலை. எந்த பிரேக்கர் எப்போது திறந்தது என்பதை ஒரு கருவி குறித்து வைக்கிறது. இன்னொன்று மின்னோட்டத்தின் அலைவடிவத்தைப் பதிவு செய்கிறது. ஓர் அலையின் ஆயுள் 20 மில்லி விநாடி. இரண்டு நிலையங்களின் கடிகாரங்கள் ஒரு விநாடி பிசகினாலும் விளைவு காரணமாகத் தெரியும், காரணம் விளைவாகத் தெரியும். அதனால்தான் ரிலே அமைப்புகளை வெளியார் தணிக்கை செய்ய வேண்டும் என்று சொன்ன குழு, பதிவுக் கருவிகளின் கடிகாரங்களையும் தணிக்கை செய்யச் சொன்னது. செயற்கைக்கோள் நேரத்தோடு இணைந்து, விநாடிக்கு 25 முறை அளவிடும் கருவிகளும் இப்போது பல நிலையங்களில் உள்ளன.

அந்த இரு நாட்களும் தென்னகம் தப்பியது. அதன் மின் தொகுப்பு வடக்கோடு ஒத்தியங்காமல் தனித்து இருந்ததே காரணம். 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்-சோலாப்பூர் பாதை அந்தப் பிரிவினையை நீக்கியது. பற்றாக்குறை நேரத்தில் வடக்கின் மின்சாரம் தெற்கே வர வழி பிறந்தது. வடக்கின் தடுமாற்றத்துக்கும் அதே வழிதான்.

ஜூலை 30 சொல்லிச் சென்ற பாடம் இதுதான்: விளக்கு மீண்டும் எரிந்துவிட்டதால் கோளாறு தீர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை.